ஓட்டை போட்ட சிலிண்டர்

6

“காலையில பதினோரு மணியிலேர்ந்து எங்க வீட்டுக்காரர் லைசென்ஸ் ஆபீஸ்ல ஒரு வார்த்தை பேசலை மேடம். தண்ணி வேணுமான்னு கேட்டாகூடத் தலையை மட்டும் ஆட்டுறார்.”

மெக்கானிக்கின் மனைவி சொல்லிக்கொண்டே ஒர்க்‌ஷாப் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று மணி ஏழு நிமிடம். ஐந்து மணிக்கு லைசென்ஸ் அதிகாரி கையெழுத்துப் போட்டுவிடுவார். போட்டுவிட்டால் கார் ஏசி மெக்கானிக்கின் லைசென்ஸ் ரத்து. கோப்பு நேராகப் போலீஸுக்குப் போகும். மனுஷன் இன்றைக்கு வீட்டுக்கு வரமாட்டார்.

அண்ணி நின்றுகொண்டே கேட்டாள். துப்பறியும் தொழிலுக்கு வருவதற்கு முன் பதினான்கு வருடம் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக அடிபட்ட வண்டிகளைப் பரிசோதித்தவள். நசுங்கிய பம்பரைப் பார்த்தே ஓட்டியவன் சொல்வது உண்மையா புளுகா என்று சொல்லிவிடுவாள். உட்கார்ந்தால் கண் சோம்பேறியாகிவிடும் என்பது அவள் கட்சி.

அவளுக்கும் சேர்த்து வாலு உட்கார்ந்திருந்தாள். வாலு அண்ணியின் நாத்தனார். வீட்டில் வைத்த பட்டப்பெயர் ஊர் முழுக்க ஒட்டிக்கொண்டுவிட்டது. அண்ணிக்கு உதவியாளர், டிரைவர், போட்டோகிராபர் எல்லாம் அவள்தான். சம்பளம் கேட்டால் மட்டும் வீட்டுப் பெண்.

அவள் உட்கார்ந்திருந்தது சிவப்பு ரெக்ஸின் மெத்தை வைத்த உருண்டையான ஸ்டூல். அதே மாதிரி இன்னும் மூன்று சுவரோரம் இருந்தன. குதிகால் பட்டதும் ‘டங்’ என்றது.

“ஸ்டூல் நல்லா கெட்டியா இருக்கே. யானையே உட்காரலாம்.”

“அதான் உட்கார்ந்திருக்கே” என்றாள் அண்ணி திரும்பாமலே.

“என் தம்பி செஞ்சு குடுத்தது” என்றாள் மெக்கானிக்கின் மனைவி. அந்தப் பதற்றத்திலும் அவள் முகத்தில் ஒரு பெருமை எட்டிப் பார்த்தது. “கார் சீட் கவர் தைக்கிற கடை வச்சிருக்கான். இந்த ஜன்னல் திரைகூட அவன் தைச்சதுதான். ஒரே தம்பி. நான் தூக்கி வளர்த்தவன்.”

வாலு திரையைப் பார்த்தாள். மேஜை விசிறி முழு வேகத்தில் அதன்மேல் வீசிக்கொண்டிருந்தது. திரை அசையவே இல்லை.

“காத்துக்கு அசையாத திரையை இன்னைக்குத்தான் பாக்குறேன். எங்க ஹெட்மிஸ்ட்ரஸ் எதிர்ல நிக்கிற மாதிரி நிக்குது.”

“வாலு.”

“சும்மா இருக்கேன் அண்ணி.”

அண்ணி மெக்கானிக்கின் மனைவி பக்கம் திரும்பினாள். “முதல்லேர்ந்து சொல்லுங்க. எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு வச்சுக்கிட்டு சொல்லுங்க.”

“பழைய கார்ல அடைக்கிற ஏசி கேஸ் வேற, புதுசுல அடைக்கிறது வேற மேடம். பழைய கேஸ் வெளியே கசிஞ்சா ஓசோனைக் கெடுக்குதுன்னு, அதைத் தயாரிக்கிறதையே நிறுத்திட்டாங்க. மிச்சம் இருக்கிறதை லைசென்ஸ் உள்ள மெக்கானிக்குக்கு மட்டும்தான் விக்கணும். அவரும் அதை வண்டியில ஏத்தலாமே தவிர, கைமாத்தி விக்கக் கூடாது. தீர்ந்ததும் சிலிண்டரை ஓட்டை போட்டுடணும். வேற யாரும் வேற எதையும் அடைச்சு வித்துடக் கூடாதுன்னுதான்.”

“உங்க வீட்டுக்காரர் ஓட்டை போடுவாரா?”

“அவரா? சட்டப் புத்தகத்தைத் தலைமாட்டுல வச்சுக்கிட்டுத் தூங்குற ஆள் மேடம். முக்கோண அரம் ஒண்ணு தீட்டி வச்சிருக்கார். கைப்பிடிக்குப் பக்கத்துல வச்சு, சுத்தியலால ஒரே அடி. அப்புறம் நோட்டுல தேதி எழுதுவார். இந்த வருஷம் ஏழு.”

நடந்தது முந்தாநாள். ஊரின் மறுகோடியில், லைசென்ஸ் இல்லாத ஒரு சின்ன ஒர்க்‌ஷாப். பழைய கேஸ் என்று சொல்லி யாரோ போனில் விற்ற வெள்ளை சிலிண்டரை வாங்கி, ஒரு பழைய காரில் ஏற்றியிருக்கிறார்கள். உள்ளே இருந்தது சிகரெட் லைட்டரில் அடைக்கிற கேஸ். வாடையே கிடையாது. டேஷ்போர்டுக்கு அடியில் கசிந்து நின்றிருக்கிறது. டிரைவர் விசிறி சுவிட்சைத் தட்டினான். ஒரு பொறி போதுமே. இரண்டு கையும் முழங்கைவரை வெந்துபோய் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். சிலிண்டரோடு கொடுத்த காகிதம், இந்த மெக்கானிக்கின் லைசென்ஸ் நகல்.

“லைசென்ஸைச் சுவத்துல மாட்டி வைக்கணும்னு சட்டமே சொல்லுது” என்று அவள் கண்ணாடிச் சட்டத்தைக் காட்டினாள். “வந்து போறவங்க யாரு வேணும்னாலும் போன்ல படம் எடுத்துக்கலாம். அதை அதிகாரிக்கு யார் எடுத்துச் சொல்றது? வித்தவன் தன்கிட்ட மொத்தம் மூணு சிலிண்டர் இருக்குன்னு சொன்னானாம். மீதி ரெண்டு எங்கேன்னு இவரைக் கேக்குறாங்க. இவர் வாயே திறக்கலை.”

அண்ணி ஒர்க்‌ஷாப்பை ஒரு சுற்று சுற்றி வந்தாள். ஹோஸ்கள் ஆணியில் வரிசையாகத் தொங்கின. எடை பார்க்கும் மெஷின்மேல் துணி மூடியிருந்தது. ஸ்பானர்கள் அளவு வாரியாகப் படுத்திருந்தன.

“காலி சிலிண்டர் ஒண்ணுகூடக் காணோமே?”

மெக்கானிக்கின் மனைவி பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவள் போன் அடித்தது. கேட்டுக்கொண்டிருந்தவளின் முகம் வெளுத்தது.

“அதிகாரி அஞ்சு மணிவரைக்கும் இருக்க மாட்டாராம். நாலு மணிக்கே எழுதிடுவாராம்.”

வாலு சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தாள். ஸ்டூல் மறுபடியும் ‘டங்’ என்றது.

வண்டியை வாலுதான் ஓட்டினாள். அண்ணியின் காரில் ஏசி வேலை செய்து ஆறு வருடமாகிறது.

“நம்ம வண்டியில எந்தக் கேஸும் இல்லை, பயப்படாதீங்க” என்று பின்சீட்டில் இருந்த மெக்கானிக்கின் மனைவியிடம் சொன்னாள். சிக்னலில் சிவப்பு விழப் போகும் நேரத்தில் புகுந்து வெளியே வந்தாள்.

“காலையில பதினோரு மணிக்கு முன்னாடி பேசினாரா?” என்று அண்ணி கேட்டாள்.

“நல்லாவே பேசினார் மேடம். சண்டையே போட்டார். நான் விக்கலை, நகலை யாரோ திருடியிருக்காங்கன்னு கத்தினார். அப்புறம் அந்த சிலிண்டரைக் கொண்டுவந்து மேசை மேல வச்சாங்க. ஒட்டியிருந்த லேபிள் மேல கட்டைவிரலை வச்சு ஒரு தடவை தேய்ச்சுப் பார்த்தார். அதோட வாயை மூடினவர்தான்.”

“லேபிள் எந்த இடத்துல இருந்துச்சு?”

“மேல... தோள்ல. கைப்பிடி பக்கம்.”

அண்ணி அதற்கப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. அவள் இப்படிப் பேசாமல் வந்தால் விஷயம் நல்லதாக இருக்காது என்பது வாலுவுக்குத் தெரியும். ஆக்ஸிலரேட்டரை இன்னும் கொஞ்சம் மிதித்தாள்.

லைசென்ஸ் அலுவலகம் இரண்டாவது மாடியில். அதிகாரி ஒல்லியான மனிதர். கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் மாட்டியிருந்தார். மேசையில் பேனா, முத்திரை, மைப்பெட்டி மூன்றையும் ஒரே கோட்டில் அடுக்கி வைத்திருந்தார். சுவரோர பெஞ்சில் மெக்கானிக் உட்கார்ந்திருந்தார். மனைவியைப் பார்த்ததும் எழுந்து, பிறகு ஏனோ பார்வையைத் தரையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

மணி மூன்று நாற்பத்தொன்று.

“பதினஞ்சு நிமிஷம் தர்றேன்” என்றார் அதிகாரி. “அதுக்கு மேல கேக்காதீங்க. இன்னும் ரெண்டு சிலிண்டர் வெளியே சுத்துது. இவர் சொல்லலைன்னா போலீஸ் சொல்ல வைக்கட்டும்.”

மூலையில் வெள்ளை சிலிண்டர் நின்றது. மிச்ச கேஸை வெளியேற்றி, வால்வை அறுத்து எடுத்துவிட்டிருந்தார்கள். வாலு அதைத் தூக்கினாள். காலி சிலிண்டருக்கு இத்தனை கனமா? சாய்த்ததும் உள்ளே எதுவோ கலகலவென்று உருண்டது.

“கிலுகிலுப்பையே இவ்வளவு பெருசுன்னா, கொழந்தை எவ்வளவு பெருசு சார்?”

அதிகாரி அவளை முறைத்தார். “எடை காட்டறதுக்கு உள்ளே எதையோ போட்டிருக்கான்.”

“போட்டுத்தான் ஆகணும்” என்றாள் அண்ணி. “லைட்டர் கேஸ் ரொம்ப லேசு. இந்த சிலிண்டர் நிறைய அடைச்சாலும் பழைய கேஸோட எடையில பாதிகூட வராது. எந்த மெக்கானிக்கும் எடை போடாம வாங்க மாட்டான். சரி, எது வழியா உள்ளே போட்டான்?”

“வால்வைக் கழட்டித்தான்.”

“நீங்க ஏன் சார் கழட்டாம அறுத்தீங்க?”

அதிகாரி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். “கழட்ட வரலை. கம்பெனியிலேயே பத்தவச்சு அனுப்பினது.”

“அப்போ அவனாலயும் கழட்டியிருக்க முடியாது.” அண்ணி குனிந்தாள். “லேபிளை வழக்கமா வயித்துல ஒட்டுவாங்க. இது ஏன் தோள்ல ஏறி உட்கார்ந்திருக்கு?”

அண்ணி நகத்தால் லேபிளின் ஓரத்தைக் கிளப்பி மெதுவாக உரித்தாள். அடியில் வெள்ளைப் பெயின்ட். அதைச் சாவியால் சுரண்டினாள். பித்தளை மஞ்சளாக எட்டிப் பார்த்தது. ஓட்டையைப் பித்தளை உருக்கி அடைத்து, மேலோட்டமாகத் தேய்த்துவிட்டிருந்தார்கள். மூன்று மூலையும் தெளிவாகத் தெரிந்தன.

முக்கோணம்.

மெக்கானிக்கின் மனைவி மூச்சை உள்ளே இழுத்தாள்.

அதிகாரி எழுந்து வந்து பார்த்தார். பிறகு பெஞ்சைப் பார்த்தார். “முக்கோண அரம் வச்சிருக்கிற மெக்கானிக் இந்த ஊர்ல நீங்க ஒருத்தர்தான்னு போன வருஷப் பரிசோதனை ரிப்போர்ட்லயே எழுதியிருக்கேன். இது உங்க சிலிண்டர்.” அண்ணியிடம் திரும்பினார். “ரொம்ப நன்றி மேடம். என் வேலையைச் சுலபமாக்கிட்டீங்க.”

அவர் பேனா மூடியைத் திறந்தார்.

வாலு அண்ணியின் காதருகே வந்தாள். “அண்ணி, நாம யார் பக்கம்?”

“சிலிண்டரைக் கவிழ்.”

வாலு மேசைமேல் செய்தித்தாளை விரித்து, சிலிண்டரைத் தலைகீழாகப் பிடித்துக் குலுக்கினாள். வால்வை அறுத்த வாய் வழியாகச் சாம்பல் நிறக் குண்டுகள் கொட்டின. பட்டாணி அளவு ஈயக் குண்டுகள். கொட்டிக்கொண்டே இருந்தன. ஒவ்வொன்றிலும் நடுவில் துளை. நாலைந்து குண்டுகளில் அறுந்த வெள்ளை நூல் இன்னும் கோத்தபடி இருந்தது.

“என்ன மணி இது? மீன் வலைக்குக் கட்டுறதா?” என்றார் அதிகாரி.

வாலு ஒரு குண்டை எடுத்து விரல்களுக்கு நடுவில் உருட்டினாள். நாக்கு நுனியில் ஒரு கிண்டல் தயாராக இருந்தது. அது அங்கேயே செத்துப் போயிற்று. முழு வேகத்தில் சுற்றும் விசிறியும், அதன் எதிரே அசையாமல் நின்ற திரையும் ஞாபகத்துக்கு வந்தன. காற்றில் பறக்காமலிருக்கத் திரையின் அடிமடிப்பில் வைத்துத் தைக்கிற குண்டு.

அவள் நிமிர்ந்தாள். மெக்கானிக்கின் மனைவி மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நூல் கோத்த ஒரு குண்டைத் தொட்டுவிட்டுக் கையை இழுத்துக்கொண்டாள். அவளுக்கும் தெரிந்துவிட்டது. வாலுவுக்கு முன்பே தெரிந்துவிட்டது.

மணி மூன்று ஐம்பத்திரண்டு.

“நான்தான் போட்டேன்.”

எல்லோரும் திரும்பினார்கள். ஐந்து மணி நேரமாகப் பேசாதவர் பேசிவிட்டார். மெக்கானிக் எழுந்து நின்றுகொண்டிருந்தார். “ஓட்டை போட்டதும் நான், அடைச்சதும் நான், வித்ததும் நான். எழுதிக்கோங்க சார்.”

“என்னங்க...” என்றாள் மனைவி.

“நீ சும்மா இரு.”

அதிகாரி பேனாவைத் தாளில் வைத்தார். அண்ணி அவசரப்படாமல் கேட்டாள். “எத்தனை குண்டு போட்டீங்க?”

“ரெண்டு கைப்பிடி.”

வாலு மேசையைப் பார்த்தாள். குண்டுகள் செய்தித்தாளின் நாலு மூலைக்கும் ஓடியிருந்தன. “ரெண்டு கைப்பிடியா? உங்க கை என்ன முறமாண்ணே?”

“எவ்வளவுன்னு யார் எண்ணுவாங்க!”

“எடை போட்டே வாழ்ற ஆள் நீங்க” என்றாள் அண்ணி. “சரி, அதை விடுங்க. மீதி ரெண்டு சிலிண்டரும் இப்போ எங்கே இருக்கு?”

மெக்கானிக் வாயைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார்.

“அவருக்குத் தெரியாது சார்” என்றாள் அண்ணி. “ஓட்டை போட்டது மட்டும்தான் அவர். ஓட்டை போட்டா செத்த சிலிண்டர், செத்ததை யாருக்குக் குடுத்தா என்னன்னு நினைச்சு வெளியே குடுத்திருக்கார். சட்டம் தெரிஞ்சவர் பண்ற தப்பு இது. காலையில லேபிளைத் தேய்ச்சப்போ, அடியில தன் அரத்தோட மூணு மூலை விரல்ல தட்டுப்பட்டிருக்கு. அந்த நிமிஷமே ஆளும் தெரிஞ்சுபோச்சு. அதுக்கப்புறம் எப்படிப் பேசுவார்?”

“யாரு அந்த ஆள்?”

அண்ணி விரல்விட்டு எண்ணத் தொடங்கினாள். “ஏழு சிலிண்டருக்கு ஓட்டை போட்டார். அதுல நாலு எங்கேன்னு எனக்குத் தெரியும். வாலு, நீ அங்க எது மேல உட்கார்ந்திருந்தே?”

வாலுவின் காதில் ‘டங்’ என்றது. “ஸ்டூல்... ஐயோ அண்ணி! மெத்தை வச்சுத் தைச்ச சிலிண்டரா அது?”

“நாலு ஸ்டூல். மீதி மூணு. ஒண்ணு இங்கே இருக்கு. ரெண்டு ஊருக்குள்ள எங்கேயோ இருக்கு. இன்னைக்குச் சாயங்காலம் எந்த வண்டியில ஏத்தப் போறாங்களோ, யார் சுவிட்சைத் தட்டப் போறாங்களோ.”

அண்ணி மெக்கானிக்கின் மனைவியைப் பார்க்கவே இல்லை. வேண்டுமென்றே ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வாலுவுக்கு அண்ணிமேல் கோபம் வந்தது. பெயரைச் சொல்லித் தொலைத்தால் என்ன? பிறகுதான் புரிந்தது. அண்ணி சொன்னால் அங்கே கடையில் இருக்கிறவன் இல்லவே இல்லை என்று சாதிப்பான். போலீஸ் போய்த் தேடி முடிப்பதற்குள் விடிந்துவிடும். அவனை இந்த நிமிடமே பேச வைக்கக்கூடிய ஆள் உலகத்தில் ஒருத்திதான்.

அந்த ஒருத்தி பையிலிருந்து போனை எடுத்தாள்.

“வேண்டாம்” என்றார் மெக்கானிக்.

அவள் கேட்காதவள் மாதிரி எண்ணை அழுத்தினாள். ஸ்பீக்கரைப் போட்டு, ஈயக் குண்டுகளின் நடுவில் போனை வைத்தாள். மறுமுனையில் தையல் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது.

“என்னக்கா? மாமாவை விட்டுட்டாங்களா?”

“இன்னும் இல்லைடா. மாமாகிட்ட வாங்கிட்டுப் போனியே ஏழு சிலிண்டர், அதுல மூணை என்ன பண்ணினே?”

“ஸ்டூலுக்குத்தான்க்கா. கடைக்குப் பின்னாடி கிடக்கு. ஏன்?”

“திரைக்கு வைக்கிற குண்டு இங்க மேசை மேல கிடக்கு. உன் நூலோட.”

தையல் மெஷின் நின்றது.

அதிகாரி போன் பக்கம் குனிந்தார்.

“அக்கா... மாமாவுக்குப் பெருசா ஒண்ணும் ஆகாதுக்கா. லைசென்ஸ் இருக்கிறவருக்கு அபராதம் போட்டு விட்டுடுவாங்க. நான்னா உள்ளே தூக்கிப் போட்டுடுவாங்க. தீப்பிடிக்கும்னு சத்தியமா நினைக்கலைக்கா. யாராவது கேட்டா நீ தெரியாதுன்னு...”

“மீதி ரெண்டு எங்க?”

“ஒண்ணு கடையிலதான் இருக்கு.”

“இன்னொண்ணு?”

“அக்கா, நான் சொல்றதைக் கேளு...”

“இன்னொண்ணு எங்கடா?”

“பள்ளிக்கூட வேன் டிரைவர் வாங்கிட்டுப் போனான். மத்தியானம். பழைய வேன்...”

அதிகாரியின் பேனா கீழே உருண்டு விழுந்தது. அவர் அதை எடுக்கவில்லை. மெக்கானிக்கின் மனைவி கண்ணை ஒரு கணம் மூடித் திறந்தாள். “அவன் நம்பரைச் சொல்லு. ஒண்ணொண்ணா சொல்லு.”

அவன் சொன்னான். அதிகாரி தன் போனில் அழுத்தினார். மணி ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்று தடவை அடித்தது. நான்காவது மணிக்கு எடுத்தான். பின்னால் குழந்தைகளின் கூச்சல்.

“யாருங்க? சீக்கிரம் சொல்லுங்க, பள்ளிக்கூடம் விட்டாச்சு, பசங்க ஏறிட்டிருக்காங்க.”

“இன்னைக்கு வாங்கின ஏசி கேஸை ஏத்திட்டியா?” அதிகாரி கத்தினார்.

“இல்லைங்க, ஹோஸ் மட்டும் மாட்டி வச்சிருக்கேன். இப்பதான் வால்வைத் திறக்கலாம்னு...”

“திறக்காதே! கையை எடு! பிள்ளைங்களை இறக்கு, எல்லாரையும் இறக்கு! எந்தப் பள்ளிக்கூடம்?”

அடுத்த மூன்று நிமிடம் அதிகாரி அடித்த போன்களை வாலு எண்ணவில்லை. தீயணைப்பு, போலீஸ், மறுபடி வேன் டிரைவர். கடைசியில் நாற்காலியில் பொத்தென்று சாய்ந்தார். “ஹோஸைக் கழட்டிட்டான். பசங்க எல்லாரும் மைதானத்துல நிக்குறாங்களாம்.”

வாலு இவ்வளவு நேரம் உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்திருந்த ஈயக் குண்டைப் பார்த்தாள். கையில் வட்டமாகத் தடம் விழுந்திருந்தது. மேசைமேல் கிடந்த போனில் தம்பியின் இணைப்பு எப்போதோ அறுந்துபோயிருந்தது.

மெக்கானிக் மனைவியின் பக்கத்தில் வந்து நின்றார். நாள் முழுக்கக் காத்துவந்தது கைநழுவிப் போனவரின் முகம்.

“உன் தம்பி ஆச்சேடி” என்றார்.

“கை வெந்து கிடக்கிறவனும் யாருக்கோ தம்பிதான்” என்றாள் அவள்.

அதிகாரி பாதி எழுதியிருந்த தாளை நான்காகக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டார். “ஓட்டை போட்டதை வெளியாள்கிட்ட குடுத்ததுக்கு உங்களுக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வரும். லைசென்ஸ் இருக்கும்” என்றார் மெக்கானிக்கிடம். கீழே கிடந்த பேனாவை வாலு எடுத்துக் கொடுத்தாள். அவர் இழுப்பறையிலிருந்து புதிய படிவம் ஒன்றை எடுத்து, மெக்கானிக்கின் மனைவியை எதிரே உட்காரச் சொன்னார்.

சீட் கவர் கடைக்காரன் என்று எழுதினார். கடையின் முகவரியைக் கேட்டு எழுதினார். பிறகு பேனாவை அடுத்த கட்டத்தில் வைத்து, கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“இதை நான் கேட்டே ஆகணும்மா. தகவல் குடுக்கிறவங்க, குற்றம் செஞ்சவருக்கு என்ன உறவு?”

அவள் முந்தானையால் முகத்தை ஒரு தடவை துடைத்துக்கொண்டாள்.

“அக்கா” என்றாள்.